புளியமரத்திலிருந்து இருபத்தாறு தப்படி

முடுக்கம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. போன வாரம் பேரன் ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். முட்டி வலிக்கு டாக்டர் நடக்காதே என்று சொல்லியிருக்கிறார். மருமகள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் எங்கிருந்து தொடங்குவது? என் வயதுக்காரர்களான உங்களிடம் சொன்னால் பாதியிலேயே புரிந்துவிடும். நீங்களும் தள்ளிவிட்டு ஏறுகிற பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம், ஒரகடம் என்று போகும் ரோட்டில் இப்போது கன்டெய்னர் லாரிக்கு நடுவே நாம் குறுக்கே கடக்கப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போது எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் ரோடு. இரண்டு பக்கமும் நெல். நடுவில் ஓரிடத்தில் ரோடு ஏரிக்கரை மேல் ஏறி ஒரு புளியமரத்தைத் தாண்டி வளையும். அந்த ரோட்டில் ஒரே ஒரு பிரைவேட் பஸ், மஞ்சள் கலர். அதை ஓட்டியவர் எங்கள் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஊரில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரைவர் என்றால் அவர்தான். காக்கிச் சட்டையைத் தானே துவைத்துத் தானே பெட்டி போட்டுக்கொள்வார். அம்மாவைத் தொட விடமாட்டார்.

அந்த பஸ்ஸின் ரேடியேட்டர் ஓட்டை. புதிதாக மாற்று என்று நைனா சொன்னால் முதலாளி பார்க்கலாம் பார்க்கலாம் என்பார். அதனால் நைனா மஞ்சள் தூளைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்டுவார். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டு ஒழுக்கு குறையும். குறையுமே தவிர நிற்காது. எங்கள் வீட்டில் குழம்பு பல நாள் வெளுத்துத்தான் இருந்தது. அம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த பஸ்ஸைத் திட்டுவாள். பஸ் போன ரோடெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு போகும்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே கால் தரிக்காது. வகுப்பில் பெஞ்சுக்கடியில் காலை ஆட்டி ஆட்டி முன்பெஞ்சுக்காரியின் பாவாடை முழுக்க அழுக்காக்குவேன். அதற்காகவே என்னை ஓரத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். பத்தாவது படிக்கும்போது புதிதாக ஒரு சயின்ஸ் டீச்சர் வந்தார். தஞ்சாவூர் பக்கத்துக்காரர். வெடவெடவென்று உயரம், பேச்சில் ஒரு எழுத்து சிந்தாது. எங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்கு உடம்பு கூசும். இருக்கிறது என்பதை "கீது" என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

நாம் வேகமாகப் போவதை எப்படிச் சொல்வோம்? "வெசையா போ" என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன், பாடம் நடக்கும்போது. விசை வேறு, வேகம் வேறு என்று ஐம்பது தடவை எழுதினேன். தள்ளுவதும் இழுப்பதும் விசையாம். கனம் என்று நாம் சொல்வதை நிறை என்று சொல்ல வேண்டுமாம். வேகம் கூடிக்கொண்டே போனால் அது முடுக்கம். குறைந்துகொண்டே வந்தால் எதிர்முடுக்கம். பெரியவர்கள் முன்னால் போய் நின்றால் இந்தத் தமிழில் பேசுங்கள், அப்போதுதான் உங்களை மனிதராக மதிப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தப் பாடத்துக்கு ஒரு பரிசோதனை. பள்ளிக்கூடத்தில் சாமான் எதுவும் இல்லை. டீச்சர் எங்களையே செய்யச் சொன்னார். பழைய பெட்டிப் பலகையில் வண்டி. அதற்குச் சக்கரமாக பஸ் ஷெட்டிலிருந்து நைனா நான்கு தேய்ந்த பேரிங் கொடுத்தார். டெய்லர் கடை நூல்கட்டைதான் கப்பி. வண்டியில் கயிறு கட்டி, கயிற்றைக் கப்பி மேல் விட்டு, நுனியில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டு அதில் கூழாங்கல் போட வேண்டும். கல் எவ்வளவோ அவ்வளவு இழுப்பு. வண்டி மேல் செங்கல் வைத்தால் நிறை. வண்டிக்குப் பின்னால் ஒரு பால்பவுடர் டின்னைக் கட்டி, அதில் துணிக்குப் போடும் நீலம் கரைத்து, அடியில் ஆணியால் ஒரு துளை. டின் ஒரே சீராகச் சொட்டும். வராந்தாவில் நீளமாக நியூஸ் பேப்பர் விரித்திருந்தோம். வண்டியை விட்டால் பேப்பர் மேல் நீலச் சொட்டு வரிசையாக விழும்.

அய்யோ, அந்தச் சொட்டுகளைப் பார்த்த நாள். முதலில் நெருக்கமாக, போகப் போக விலகி விலகி. டப்பாவில் இன்னும் நாலு கல் போட்டால் இன்னும் விலகும். கல்லை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஒரு செங்கல் ஏற்றினால் வண்டி சோம்பேறியாகிவிடும், சொட்டெல்லாம் கிட்டக் கிட்ட வரும். ஓடுகிற ஒன்று தன் ஓட்டத்தைத் தானே எழுதிக்காட்டுகிறது என்றால் என்னைப் போல் ஓடுகாலிக்கு எப்படி இருக்கும்! வராந்தாக் கோடியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. வெறும் வண்டியை ஒரு கையால் நிறுத்தினேன். இரண்டு செங்கல் ஏற்றிய வண்டியும் அதே வேகத்தில் வரட்டும் என்று ஒரு பையன் கையால் தள்ளிவிட்டான். அதே ஒரு கையைத்தான் வைத்தேன். கையையும் சேர்த்துச் சுவரில் கொண்டுபோய் மோதியது. கட்டைவிரல் நகம் கறுத்து ஒரு மாதம் கழித்து விழுந்தது. அந்த நகத்தை நோட்டுக்குள் வைத்திருந்தேன் என்றால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள்.

மறுநாளே எனக்கு ரோட்டில் மஞ்சள் பொட்டு கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது. அட, நைனா பஸ்ஸும் பால்பவுடர் டின் தானே! முதல் டிரிப், பஸ்ஸில் பத்துப் பேர்கூட இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. நைனா பிரேக்கில் ஏறி நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் முக்கி நின்றது, ஆடு பிழைத்தது. நாங்கள் நாலு பேர் ஓடிப்போய் தப்படி வைத்து அளந்தோம். பிரேக் போடுவதற்கு முன் சொட்டுக்குச் சொட்டு நாலு தப்படி. அப்புறம் மூன்றரை, மூன்று, இரண்டரை என்று அரை அரையாகச் சுருங்கி, மொத்தம் பதினாலு தப்படியில் பஸ் நின்றிருக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது அது விளையாட்டு.

பத்து நாள் கழித்து அறுவடை. முதலாளி தன் நிலத்து நெல்லை மாட்டு வண்டியில் அனுப்பாமல் பஸ் கூரை மேல் ஏற்ற ஆரம்பித்தார். இருபது மூட்டை. அதற்குக் கீழே சந்தை நாள் கூட்டம். இப்படி ஏற்றினால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்று நைனா போய்ச் சொன்னார். முதலாளி சிரித்திருக்கிறார். கனம் ஏறினால் வண்டி ரோட்டில் நன்றாகக் குந்தும், டக்கென்று நிற்கும் என்றாராம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. ஏரிக்கரையில் பஸ் மாட்டு வண்டி மேல் மோதிவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. பஸ் கோணலாக நின்றிருந்தது. ரோடெல்லாம் வைக்கோல். வண்டி ஓட்டிவந்த மாட்டுக்காரருக்கு முழங்கை சிராய்ப்பு, பஸ்ஸில் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய செவலை மாடு முன்கால் முறிந்து படுத்திருந்தது. நாக்கைத் துழாவித் துழாவி மூச்சு விட்டது. மாட்டுக்காரர் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நைனா பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"பொளியமரத்தாண்டயே மிதிச்சேன்மா. முழுசா மிதிச்சேன். நிக்கல."

அதற்குள் முதலாளி ஜீப்பில் வந்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம், நாளைக் காலையில் ஷெட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். டிரைவர் கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று ஆகிவிட்டால் அவனை அனுப்பிவிடுகிறேன், என் கொட்டகையிலிருந்து உனக்கு ஒரு மாடும் தருகிறேன் என்றார் மாட்டுக்காரரிடம். நைனா மூட்டையைப் பற்றிச் சொன்னார். முதலாளி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், மூட்டையா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியது என்று. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் புளியமரத்துக்குப் போய்விட்டேன்.

மஞ்சள் பொட்டுகள் இருந்தன. வைக்கோலை விலக்கி விலக்கித் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. மரத்துக்கு முன்னால் சொட்டுக்குச் சொட்டு நாலு தப்படி. ஆட்டுக்கு நிறுத்திய அன்றைக்கு எவ்வளவோ அதே நாலு. அப்படியென்றால் நைனா ஒரு துளிகூட அதிக வேகத்தில் வரவில்லை. மரத்தடியிலிருந்து சொட்டுகள் நெருங்க ஆரம்பிக்கின்றன. அப்படியென்றால் அங்கேயே பிரேக் போட்டிருக்கிறார். ஆனால் நெருங்குவது மெல்ல மெல்ல, மனமில்லாமல். பதினாலில் நிற்க வேண்டியது, இருபத்தாறாவது தப்படியில் மாட்டு வண்டியின் நுகத்தடி முறிந்து கிடந்தது. அதே கால், அதே பிரேக். கூடியது மூட்டையும் ஆட்களும்தான். என் கறுத்த நகம் எனக்கு முன்பே சொன்ன விஷயம்! நான் அங்கேயே குதித்தேன். மாடு சாகக் கிடக்கும்போது ஒரு பெண் ரோட்டில் குதிக்கிறாள் என்று பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, இரட்டைச் சடை, நோட்டு சகிதம் ஷெட்டுக்குப் போனேன். முதலாளி நாற்காலியில். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில். மாட்டுக்காரர் தரையில் குந்தியிருந்தார். நைனா பெட்டி போட்ட காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய டிரைவர் வேலை அந்தப் பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் அளந்து வந்திருக்கிறேன் என்றேன். முதலாளி கோபப்படவில்லை. படிக்கிற பிள்ளை, சொல்லட்டும் என்று கையைக் காட்டினார். நான் நிமிர்ந்து நின்றேன். பெரியவர்கள் முன்னால் எந்தத் தமிழில் பேச வேண்டுமோ அந்தத் தமிழில் பேசினேன்.

"ஐயா, ஆட்டுக்கு நிறுத்திய அன்றும் நேற்றும் விசை ஒன்றுதான். நேற்று நிறை அதிகம். புளியமரத்திலிருந்தே எங்கள் அப்பா வண்டிக்கு எதிர்முடுக்கம் கொடுத்திருக்கிறார்."

மாட்டுக்காரர்தான் முதலில் தலையைத் தூக்கினார்.

"வெச ஒண்ணுதான்றியே, வளைவுல வெசைய கொறைக்கவேயில்லயா?"

"குறைக்கவில்லை. விசை மாறவே இல்லை," என்றேன் நான்.

இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். அவர் வேகத்தைக் கேட்கிறார். நான் பிரேக்கின் அழுத்தத்தைச் சொல்கிறேன். ஒரே சொல், அவர் வாயில் ஒன்று, என் வாயில் வேறொன்று. முடுக்கம் என்றால் நம் ஊரில் என்ன? வண்டிக்காரன் மாட்டை வாலைத் திருகி விரட்டுவதற்குப் பேர் முடுக்குவது. அந்த ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் மாடு முடுக்கியவர்கள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டுக்கினீங்களா? எதிர்ல வண்டி வர்றத பாத்தும் பொளியமரத்துலேர்ந்து முடுக்கிக்கினு வந்துகிறான். பெத்த பொண்ணே அளந்து வந்து சொல்லுது. இன்னும் இன்னா வோணும்?"

இல்லை இல்லை என்றேன். விளக்க வேண்டும் என்று இன்னும் சத்தமாக அதையேதான் சொன்னேன். எதிர்முடுக்கம், எதிர்முடுக்கம் என்று. சொல்லச் சொல்லப் பெஞ்சில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். வண்டி நிற்கப் பார்த்தது, கனம் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை. ஐம்பது தடவை எழுதி எழுதி அதை நானே அழித்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. அழுததையும் அவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டு அப்பாவுக்காக அழுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் என் தலையைத் தடவி நல்ல பெண் என்றார். அந்தக் கையை இப்போதும் தட்டிவிட வேண்டும்போல் இருக்கிறது.

நைனா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து முதலாளியின் நாற்காலிக் கைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். அவர் நடையை நான் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

முதலாளிக்கு நான் சொன்னது உண்மையிலேயே புரியவில்லையா, புரிந்துகொண்டு திருப்பிவிட்டாரா? எத்தனை வருடம் ஆகிறது, இன்னும் எனக்குத் தெரியாது. மாட்டுக்காரருக்கு மாடு கிடைத்தது. மூட்டை ஏறியதைப் பார்த்திருந்த அந்த பஸ் கண்டக்டர் அன்றைக்குப் பெஞ்சுக்குப் பின்னால் நின்று டிக்கெட் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களையெல்லாம் ஒரு காலத்தில் ஆத்திரம் தீரத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

மறுநாள் டீச்சரிடம் நோட்டை நீட்டினேன். அவர் எழுந்து வந்து ஏதாவது செய்வார் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஷெட்டில் நான் சொன்னதை வரி மாறாமல் ஒப்பித்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். சொன்னது மூன்றும் மிகச் சரி என்றார். சிவப்பு மையில் டிக் போட்டு "நன்று" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அவரும் அப்போது இருபத்து மூன்று வயதுப் பெண். ஊரில் யாரிடம் போய் என்ன பேசுவார்?

அம்மா என்னோடு பேசவில்லை. நான் இருக்கும்போது அடுப்போடு பேசினாள். வீட்டில் மஞ்சள் தூள் திடீரென்று மிஞ்ச ஆரம்பித்தது. குழம்பெல்லாம் நல்ல நிறமாக வந்தது, யாருக்கும் இறங்கவில்லை. நைனா காலையில் எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார், பிறகு கழற்றி மடித்து வைப்பார். வடக்குப்பட்டில் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டப் போனது அதற்கெல்லாம் அப்புறம். பஸ் மட்டும் அவர் மறுபடி ஓட்டவே இல்லை. எங்காவது போக வேண்டுமென்றால் பின்படியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்காருவார். முன்னால் பார்க்கமாட்டார், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்.

நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு அங்கே என்ன சொன்னாய் என்று கேட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் உள்ளே போய் அந்தப் பேரிங் வண்டியை எடுத்து வந்தேன். அதை அப்புறம் அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். நீலக் கறையோடு எரிந்தது. அன்றைக்கு அது இருந்தது. வெறும் வண்டியை அவர் காலை நோக்கித் தள்ளிவிட்டேன். பாதத்தை வைத்து நிறுத்தினார். அப்புறம் இரண்டு செங்கல் ஏற்றி, அதே வேகத்துக்குத் தள்ளிவிட்டேன். பாதத்தை வைத்தார். வண்டி அவர் குதிகாலைத் தள்ளிக்கொண்டு ஒரு சாண் போய்த்தான் நின்றது.

நைனா குனிந்து தன் காலையே பார்த்தார். செங்கலை எடுத்துவிட்டு மறுபடி தள்ளச் சொன்னார். செங்கலை வைத்து மறுபடி. பஸ் போன நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. மஞ்சள் பொட்டை நான் அளந்ததையும், நாலு தப்படி, பதினாலு, இருபத்தாறு எல்லாவற்றையும் அப்போதுதான் திக்கித் திக்கிச் சொன்னேன். என்னையறியாமல் நம் பேச்சில் சொன்னேன். நைனா ஒன்றையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

"இத்தத்தாம்மா என் காலு அன்னிக்கி சொல்லிச்சி. எனக்கு சொல்லத் தெரியல, நீ கண்டுபுடிச்சிகீற," என்றார். வண்டியை மெதுவாக என் பக்கம் உருட்டிவிட்டார்.

"அங்க வந்து இத தமிழ்ல சொல்லியிருக்கக்கூடாதா?"